லீஸ் முடிகிறது: பதினான்கு பேருக்கு எந்த ஆபீஸ் சரி?

வரும் மார்ச்சோடு எங்கள் ஆபீஸ் லீஸ் முடிகிறது. கட்டட உரிமையாளர் போன மாதம் இரண்டாம் மாடி வரை ஏறி வந்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "இந்தத் தடவை பதினஞ்சு பர்சென்ட் ஏத்தித்தான்மா ஆகணும்" என்று சொல்லிப் போனார். அவர் படியிறங்கியதும் எங்கள் சார் என்னைக் கூப்பிட்டு, "எல்லா வழியையும் கணக்குப் போட்டுப் பாருங்க. நீங்க சொல்றதை வெச்சு முடிவு பண்ணலாம்" என்றார்.

நாங்கள் பதினான்கு பேர். வேளச்சேரியில் இருந்துகொண்டு சின்ன மருத்துவமனைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்து கொடுக்கிறோம். புரோகிராமர்கள் ஆறு பேர், டெஸ்டிங் இரண்டு பேர், போனில் சப்போர்ட் பார்ப்பவர்கள் மூன்று பேர், மருத்துவமனைகளுக்கு நேரில் போய் நிறுவித் தருபவர் ஒருவர், அப்புறம் சாரும் நானும். கணக்கு, சம்பளம், வாடகை, ஏசி ரிப்பேர் எல்லாம் என் பொறுப்பு. ஆறு புரோகிராமர்களில் இரண்டு பேர் கல்லூரி முடித்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஃபிரெஷர்கள். இந்த இரண்டு பேரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப அவர்களிடம்தான் வரப் போகிறேன்.

மூன்று வாரம் அலைந்தேன். ஏழு இடங்களை நேரில் பார்த்தேன், எல்லோரிடமும் தனித்தனியாகப் பேசினேன், இது பற்றி நடந்த ஆராய்ச்சிகளையும் தேடிப் படித்தேன். முதல் வாரத்தில் என் எக்செல் தாளில் முதல் கட்டம் 'ஒரு ஆளுக்கு மாதச் செலவு' என்று இருந்தது. கடைசியில் அதைப் பின்னால் தள்ளிவிட்டு 'யார் யாரிடமிருந்து வேலை கற்றுக்கொள்கிறார்கள்' என்ற கட்டத்தை முன்னால் கொண்டு வந்தேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. எங்களைப் போல லீஸ் முடியும் நேரத்தில் யோசித்துக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவும் என்று நம்புகிறேன்.

இப்போது இருக்கும் இடத்திலேயே தொடர்வது

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் இடம் 1,300 சதுர அடி, சதுர அடிக்கு 55 ரூபாய். வாடகை 71,500. மெயின்டனன்ஸ் 8,000, கரண்ட் பில் சராசரியாக 22,000, சுத்தம் செய்யும் அக்காவுக்கும் மேலே சில்லறை வேலைகளுக்கும் 14,000, இரண்டு இன்டர்நெட் லைன் 6,000, ஜெனரேட்டர் டீசலும் யூபிஎஸ், ஏசி பராமரிப்பும் 7,000, தண்ணீர் கேனும் டீ காபியும் 6,000. ஆக மாதம் 1,34,500. ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 9,600 ரூபாய். வாடகையை 15 சதவீதம் ஏற்றினால் மொத்தம் 1,45,225 ஆகிறது, ஆளுக்கு 10,370 சொச்சம்.

இதில் கண்ணுக்குத் தெரியாத செலவுகள் உண்டு. யூபிஎஸ் பேட்டரி நாலு வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் போகும். காலி செய்யும்போது பெயின்டிங் என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகை பிடிப்பார்கள். அட்வான்ஸ் பத்து மாத வாடகை, அந்தப் பணம் வட்டியில்லாமல் வருஷக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு செய்யாதவராக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2024 அக்டோபர் 10 முதல், பதிவு செய்த நிறுவனம் பதிவு செய்யாத உரிமையாளரிடம் வணிக இடத்தை வாடகைக்கு எடுத்தால், வாடகை மீதான 18 சதவீத ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நாமே கட்ட வேண்டும். எங்களுக்கு அது உள்ளீட்டு வரியாக, நாங்கள் வசூலித்துக் கட்டும் ஜிஎஸ்டியில் கழிந்து, திரும்பக் கிடைக்கிறது. விற்பனையில் ஜிஎஸ்டி வசூலிக்காத தொழில் என்றால் அது நேரடிச் செலவு.

இனி கணக்கில் வராத பக்கம். எங்கள் ஹாலின் கிழக்குச் சுவரில் ஆறடி நீளத்துக்கு ஒரு வெள்ளை போர்டு இருக்கிறது. அதன் இடது மூலையில் 'அழிக்காதே' என்று சிவப்பு மார்க்கரில் எழுதி, ஒரு மருத்துவமனை பில் எங்கிருந்து எங்கே போகிறது என்ற படம் வரைந்திருக்கிறது. அட்மிஷன், வார்டு, லேப், மருந்தகம், இன்ஷூரன்ஸ், டிஸ்சார்ஜ். எங்கள் சீனியர் அண்ணா இரண்டு வருஷத்துக்கு முன்னால் போட்ட படம் அது. அம்புக்குறிகளின் மேல் அம்புக்குறிகள், ஓரத்தில் யாரோ பேனாவால் சேர்த்த திருத்தங்கள். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் முதல் வாரத்தில் இந்தப் போர்டின் முன்னால் நின்றுதான் வேலையைப் புரிந்துகொண்டார்கள். இதையே அழகாக ஃபைலாகவும் வைத்திருக்கிறோம், ஆனால் அதை யாரும் திறந்து பார்த்து நான் கண்டதில்லை.

ஆபீஸ் என்ற ஒன்று ஏன் வந்தது என்று யோசித்தால் இந்தப் போர்டு இன்னும் முக்கியமாகத் தெரிகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்து சேர்ந்த இளம் குமாஸ்தாக்களின் பதவிப் பெயரே 'ரைட்டர்'. 1744-இல் மெட்ராஸில் இறங்கிய ராபர்ட் கிளைவும் அப்படி வந்தவர்தான். கடிதங்களைப் படியெடுப்பதும் பேரேடு எழுதுவதும்தான் அவர்கள் வேலை. காகிதம் ஓரிடத்தில் இருந்தது, அதனால் ஆட்களும் அங்கே வந்தார்கள். 1906-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டிய லார்கின் கட்டடமும் இதேதான். தபாலில் சோப்பு விற்ற நிறுவனம் அது. குவிந்து வரும் கடிதங்களைக் கையாள ஒரு பெரிய நடுக்கூடமும் அதைச் சுற்றி அடுக்கடுக்காக மேஜைகளும் வேண்டியிருந்தன. காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோதும் நிலைமை மாறவில்லை. 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தபோது, வேகமான இணைப்பும் தடையில்லாத மின்சாரமும் அந்தக் கட்டடத்துக்குள்தான் கிடைத்தன, வீட்டில் அல்ல.

இன்று அந்த இரண்டுமே வீட்டில் கிடைக்கின்றன. அப்படியானால் எங்களை ஓரிடத்துக்கு வரவைக்க மிச்சமிருப்பது என்ன? பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஆளும் அந்தப் போர்டும்தான் என்பது என் பதில். வேறு எதற்காகவும் மாதம் ஒன்றரை லட்சம் செலவழிக்கத் தேவையில்லை.

கோவொர்க்கிங்

பல நிறுவனத்து ஆட்கள் ஒரே இடத்தில் இருக்கைக் கணக்கில் வாடகை கொடுத்து வேலை செய்வதுதான் கோவொர்க்கிங். இந்த யோசனை தொடங்கியது எளிமையாகத்தான். 2005-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்ற புரோகிராமர், தனியாக வேலை செய்யும் சுதந்திரமும் வேண்டும், கூட நாலு பேரும் வேண்டும் என்று, வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு வாடகை இடத்தில் மேஜை போட்டு மற்றவர்களையும் அழைத்தார். 2010-இல் வந்த வீவொர்க் அதைப் பெரிய வியாபாரமாக்கியது. 2023 நவம்பரில் அமெரிக்காவில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. இந்தியாவில் அதே பெயரில் நடப்பது தனி நிறுவனம், இங்கே வேலை நிற்கவில்லை. ஆனாலும் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கோவொர்க்கிங் நடத்துபவர் பெரும்பாலும் கட்டட உரிமையாளர் அல்ல, அவரும் வாடகைதாரர். பல வருஷத்துக்கு ஒப்பந்தம் போட்டு எடுத்த இடத்தை நமக்கு மாதக்கணக்கில் பிரித்துத் தருகிறார். அவர் வாடகை கட்ட முடியாமல் போனால் வெளியே நிற்பது நாம். அதனால் நான் போன இடத்திலெல்லாம் கேட்ட முதல் கேள்வி, "கட்டடம் உங்களுடையதா, லீஸா? லீஸ் என்றால் எந்த வருஷம் வரைக்கும்?" பாதிப் பேர் நேராகப் பதில் சொன்னார்கள். பேச்சை மாற்றியவர்களை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

விலை இப்படி. பொது ஹாலில் ஒரு இருக்கை 7,000 ரூபாய், கதவு பூட்டும் தனி கேபினில் ஒரு இருக்கை 9,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. அட்வான்ஸ் இரண்டு மூன்று மாதம்தான், பத்து மாதம் அல்ல. கரண்ட், இன்டர்நெட், சுத்தம், காபி எல்லாம் அதற்குள் அடக்கம். பேட்டரி போனால் அவர்கள் பாடு.

சேர்த்துச் சொல்லாதவற்றை நாம்தான் கேட்க வேண்டும். மீட்டிங் ரூம் மாதத்துக்கு இத்தனை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. பைக்குக்கு இடமுண்டு, காருக்குத் தனிக்கட்டணம். ஒரு இடத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் மெயின் ஏசியை நிறுத்திவிடுவார்கள் என்பது ஒப்பந்தத்தின் ஆறாவது பக்கத்தில்தான் இருந்தது. எங்கள் சப்போர்ட் ஆட்கள் மாத முதல் வாரத்தில் இரவு பத்து வரை இருப்பார்கள். லாக்-இன் காலம் (இடையில் காலி செய்ய முடியாத காலம்), நோட்டீஸ் காலம், ஜிஎஸ்டி பதிவுக்கு அந்த முகவரியைப் பயன்படுத்தத் தடையில்லாச் சான்று தருவார்களா என்பது, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொது ஹால் எங்களுக்கு ஒத்துவராது என்று முதல் இடத்திலேயே தெரிந்துவிட்டது. எனக்குப் பக்கத்து மேஜையில் ஒரு இளைஞர் போனில் கடன் வசூல் பேசிக்கொண்டிருந்தார். கடன் வாங்கியவரின் பெயர், ஊர், பாக்கி எவ்வளவு, எல்லாம் என் காதில் விழுந்தது. எங்கள் சப்போர்ட் திரையில் தெரிவது நோயாளியின் பெயரும் அவர் எந்த வார்டில் இருக்கிறார் என்பதும். அதை நாலு நிறுவனத்து ஆட்கள் நடந்து போகும் ஹாலில் திறந்து வைக்க முடியாது. தனிநபர் தரவைப் பாதுகாக்க 2023-இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அது தவறுதான். ஆக எங்களைப் பொறுத்தவரை கோவொர்க்கிங் என்றால் தனி கேபின் மட்டுமே.

யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்ற ஹாட் டெஸ்க் முறையையும் ஒருவர் ஆர்வமாக விளக்கினார். அது புதுசு இல்லை. 1994-இல் சியாட்/டே என்ற அமெரிக்க விளம்பர நிறுவனம் லாஸ் ஏஞ்சலஸில் யாருக்கும் நிரந்தர மேஜை கிடையாது என்று செய்து பார்த்தது. காலையில் வந்து லேப்டாப்பும் போனும் வாங்கிக்கொண்டு கிடைத்த இடத்தில் உட்கார வேண்டும். போதுமான கருவிகள் இல்லை, காகிதங்களை வைக்க இடமில்லை, சிலர் ஃபைல்களைக் கார் டிக்கியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். சில வருஷத்திலேயே கைவிட்டார்கள். அண்ணா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தினமும் தேட வேண்டியிருந்தால் எங்கள் ஃபிரெஷர் தேடவே மாட்டான்.

எல்லோரும் வீட்டிலிருந்தே

செலவில் இதை எதுவும் மிஞ்ச முடியாது. ஆளுக்கு இன்டர்நெட், கரண்டுக்கு 2,000 கொடுத்தால் மாதம் 28,000. நல்ல நாற்காலியும் ரூட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் வாங்கித் தர ஒருமுறை ஆளுக்கு 12,000. முதல் இரண்டு மாதத்திலேயே அந்தப் பணம் திரும்பிவிடும். சார் முதலில் இதைத்தான் விரும்பினார்.

2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியதும் இதை நாங்கள் செய்துதான் பார்த்தோம். பழைய ஆட்கள் நன்றாகவே வேலை செய்தார்கள். நாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு போனில் பாதி வாக்கியம் சொன்னால் மீதி புரிந்துவிடும். ஆனால் அந்த ஆகஸ்டில் ஒரு பையன் புதிதாகச் சேர்ந்தான். எங்களை யாரையும் நேரில் பார்த்ததில்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, மொட்டை மாடியில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்தான். மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்த மாத்திரைக்கு வரியை எப்படிக் கழிப்பது என்ற ஒரே சிக்கலில் இரண்டு நாள் மாட்டிக்கொண்டிருந்தான். யாரையும் கூப்பிடவில்லை. ஏன் என்று பிறகு கேட்டபோது, "அண்ணா பிஸியா இருப்பாங்களோன்னு நெனச்சேன்க்கா" என்றான். அண்ணா அதை ஐந்து நிமிஷத்தில் தீர்த்தார். ஹாலில் இருந்திருந்தால் அவன் கேட்டிருக்கவே வேண்டாம், முகத்தைப் பார்த்தே அண்ணா எழுந்து போயிருப்பார். அந்தப் பையன் ஏழாவது மாதம் வேலையை விட்டுப் போனான். அவனை நாங்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இது எங்கள் ஒரு ஆபீஸின் அனுபவம்தானே என்று நினைக்கலாம். சென்னையிலேயே நடந்த ஒரு ஆய்வு இருக்கிறது. டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆட்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வீட்டுக்கும் பாதிப் பேரை ஆபீஸுக்கும் பிரித்துவிட்டார்கள். டேவிட் ஆட்கின், ஆன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே மூவரும் 2023-இல் வெளியிட்டது. வீட்டிலிருந்து செய்தவர்களின் உற்பத்தி 18 சதவீதம் குறைவு. அந்த இடைவெளியில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்தது, மீதிப் பங்கு ஆபீஸில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது.

அதில் என்னைத் தூங்கவிடாத கண்டுபிடிப்பு வேறு. வீட்டு வேலைதான் வேண்டும் என்று விரும்பியவர்கள் தொடக்கத்தில் மற்றவர்களைவிடத் திறமைசாலிகள். ஆனால் வீட்டில் உட்கார்ந்ததும் அதிகமாக இழந்தவர்களும் அவர்களே, 27 சதவீதம். ஆபீஸை விரும்பியவர்களுக்கு வீட்டில் 13 சதவீதம்தான் குறைந்தது. இதைப் படித்ததும் எனக்கு எங்கள் டெஸ்டிங் தங்கையின் முகம்தான் வந்தது. கெட்டிக்காரி. மூன்று வயதுக் குழந்தை, படுக்கையில் மாமனார். வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்பவளும் அவள்தான், அங்கே ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாதவளும் அவள்தான். பெண் வீட்டில் இருந்தால் அவள் வேலையில் இருக்கிறாள் என்று வீடு நினைப்பதில்லை. குக்கர் விசிலுக்கும் கதவு மணிக்கும் அவள்தான் எழ வேண்டும். அவளிடம் விருப்பத்தைக் கேட்பது மட்டும் போதாது, வீட்டில் கதவு சாத்த ஒரு அறை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். மகப்பேறு விடுப்பு முடிந்தபின், வேலையின் தன்மை இடங்கொடுத்தால் வீட்டிலிருந்து வேலை செய்ய நிறுவனமும் ஊழியரும் பேசி முடிவு செய்யலாம் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்த்தார்கள். நல்ல பிரிவு. ஆனால் அறை இல்லாத வீட்டில் அது பாதி உதவிதான்.

எதிர்ப்பக்கம் காட்டும் ஆய்வும் உண்டு. ஷாங்காயில் சீட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் 2010 டிசம்பர் முதல் ஒன்பது மாதம் நிக்கோலஸ் ப்ளூம் குழுவினர் செய்தது. வீட்டிலிருந்து செய்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போவது பாதியானது. சென்னையில் குறைந்தது அங்கே எப்படிக் கூடியது? அங்கே கலந்துகொள்ளவே நிபந்தனை இருந்தது. நிறுவனத்தில் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும், வீட்டில் நல்ல இணைப்பு வேண்டும், தனி அறை வேண்டும். எனக்கு இரண்டு ஆய்வும் ஒன்றையே சொல்வதாகப் படுகிறது. வேலை தெரிந்த ஆளுக்கு, கதவு சாத்தும் அறை இருந்தால், வீடு நல்ல ஆபீஸ். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் இல்லை.

பெரிய நிறுவனங்களின் முடிவைப் பார்த்து நாம் முடிவெடுக்க வேண்டாம். 2025-க்குள் ஒரு நேரத்தில் 25 சதவீதம் பேர் ஆபீஸில் இருந்தால் போதும் என்று டிசிஎஸ் 2020-இல் அறிவித்தது. 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. லட்சக்கணக்கான பேரை வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு.

ஊரில் இருந்தபடியே

ஆபீஸுக்குப் பயணம் போகாமல் தூரத்திலிருந்தே வேலை செய்வதைக் குறிக்கும் டெலிகம்யூட்டிங் என்ற சொல்லை 1970-களில் உருவாக்கிய ஜாக் நில்லஸ் லாஸ் ஏஞ்சலஸ்காரர். நெரிசலைக் குறைக்க அவர் முன்வைத்தது வீட்டில் உட்காருவதை மட்டுமல்ல. ஊழியர்கள் குடியிருக்கும் பகுதிகளில் சின்னச் சின்னக் கிளை ஆபீஸ்கள் வைக்கலாம் என்றார். இதைத் தமிழ்நாட்டில் செய்து காட்டியது ஸோஹோ. 2011-லேயே தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஆபீஸ் தொடங்கிவிட்டது. அரசும் 2024-இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடியில் சின்ன டைடல் பார்க்குகளைத் திறந்தது.

பதினான்கு பேர் நிறுவனத்துக்குக் கிளை என்பது பெரிய பேச்சு. ஆனால் எங்கள் சப்போர்ட்டில் இருவர், ஒருவர் மதுரை, இன்னொருவர் தென்காசி, ஊரிலேயே இருந்து வேலை செய்யக் கேட்கிறார்கள். இருவருக்கும் ஐந்து வருஷத்துக்கு மேல் அனுபவம், சொந்த வீடு, தனி அறை. நான் வீடியோவில் அறையைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். சென்னையில் ஒருவர் தரும் வாடகை மாதம் 14,000. அவ்வளவும் அவருக்கு மிச்சமாகும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஆபீஸுக்குப் போக முடியவில்லை. வீட்டிலும் கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. சென்னையில் இருந்த எங்களில் யாரும் மூன்று நாள் வேலை செய்யவில்லை. அந்த மூன்று நாளும் மருத்துவமனைகளின் போனை எடுத்தது, அம்மாவைப் பார்க்கத் தற்செயலாக மதுரை போயிருந்த அந்த ஒருவர்தான். ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் பில் வராமல் ஒரு குடும்பம் காத்திருந்தது, அவர் அங்கிருந்தே சரி செய்து கொடுத்தார். எல்லோரும் ஒரே ஊரில் இருப்பது ஆபத்து என்று அன்று புரிந்தது. 2015 வெள்ளத்திலேயே புரிந்திருக்க வேண்டும்.

சில நாள் வீடு, சில நாள் ஆபீஸ்

ஹைபிரிட். எல்லோரும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறார்கள், நாங்களும். ஆதாரமும் இருக்கிறது. அதே சீன நிறுவனம், இப்போது டிரிப்.காம் என்ற பெயரில், 1,612 பேரை வைத்து ஆறு மாதம் சோதித்தது. வாரம் இரண்டு நாள் வீடு. 2024-இல் முடிவு வெளியானது. வேலையின் தரமோ பதவி உயர்வோ குறையவில்லை, வேலையை விடுவோர் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். பெண்களிடமும் தூரத்திலிருந்து வருபவர்களிடமும் அந்தப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. மெட்ரோ வேலை நடக்கும் ஓஎம்ஆரில் தினமும் காலையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது, நானும் அதில் விழப் பார்த்தேன். ஹைபிரிட் என்றதும் என் கை முதலில் இருக்கைகளைக் குறைத்தது. பாதிப் பேர் திங்கள் செவ்வாய், மீதிப் பேர் வியாழன் வெள்ளி. அப்படியானால் ஏழு இருக்கை போதும், மாதம் 63,000. தாளில் அருமையாக இருந்தது. பிறகு ஃபிரெஷர் இருவரின் பெயரையும் கட்டங்களில் போட்டுப் பார்த்தேன். ஒருத்திக்கு அண்ணா வரும் நாளில் முறை இல்லை. இன்னொருவனுக்கு டெஸ்டிங் ஆட்கள் வரும் நாளில் முறை இல்லை. ஓஎம்ஆர் தாண்டி ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்து, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, வீட்டில் இருப்பவரிடம் வீடியோவில் பேசுவதற்கு எதற்கு ஆபீஸ்?

ஆக எல்லோரும் ஒரே நாளில் வந்தால்தான் ஹைபிரிட்டில் பயன் உண்டு. எல்லோரும் ஒரே நாளில் வந்தால் எல்லோருக்கும் இருக்கை வேண்டும். எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றால் வாடகை மிச்சமாகாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, தரகர்கள் கண்டிப்பாகச் சொல்ல மாட்டார்கள். வாடகையை மிச்சப்படுத்த ஹைபிரிட்டுக்குப் போகாதீர்கள். ஆட்களைத் தக்கவைக்கவும், பயணத்தைக் குறைக்கவும், வேலை கற்றுக்கொடுக்கும் நாளைக் காப்பாற்றவும் போங்கள்.

எங்கள் முடிவு

மதுரைக்காரரும் தென்காசிக்காரரும் ஏப்ரலிலிருந்து ஊரிலேயே. ஆளுக்கு மாதம் 2,500. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரயில் டிக்கெட் எடுத்து வரவழைக்கிறோம்.

மீதி பன்னிரண்டு பேருக்குக் கிண்டிப் பக்கம் ஒரு தனி கேபின். பன்னிரண்டு இருக்கை, 1,08,000. செவ்வாய், புதன், வியாழன் எல்லோரும் வர வேண்டும், சார் உட்பட. ஃபிரெஷர் இருவரும் முதல் ஒரு வருஷம் ஐந்து நாளும் வருவார்கள். திங்களும் வெள்ளியும் அவர்களோடு ஒரு சீனியர் முறை வைத்து இருப்பார். அவர்களுக்கு மட்டும் ஏன் ஐந்து நாள் என்று அந்தப் பெண் நேராகவே கேட்டாள். அரியலூர்ப் பையனின் கதையை அவளிடம் முழுசாகச் சொன்னேன். டெஸ்டிங் தங்கைக்குக் காலை பத்தரைக்கு வந்து நாலு மணிக்குக் கிளம்பும் நேரம் கொடுத்தோம். அந்த நேரம் முழுக்க அவளுடையது என்பது அவளுக்கு வீட்டு வேலையைவிட மேலாக இருக்கிறது. மீட்டிங் ரூம், பிரின்ட் என்று 6,000, ஊரில் இருக்கும் இருவருக்கு 5,000, மற்ற பத்துப் பேருக்கு வீட்டு இன்டர்நெட்டுக்கு ஆயிரம் ஆயிரமாக 10,000. மொத்தம் 1,29,000. ஜிஎஸ்டி எங்களுக்குத் திரும்பக் கிடைப்பதால் சேர்க்கவில்லை.

புதுப்பித்த லீஸோடு ஒப்பிட்டால் மாதம் பதினாறாயிரம்தான் மிச்சம். அதற்காக மட்டும் என்றால் இடம் மாற வேண்டியதே இல்லை. மூன்று வருஷ லாக்-இன் இல்லாமல் ஒரு வருஷ ஒப்பந்தம் கிடைத்தது, முடங்கிக் கிடந்த பத்து மாத அட்வான்ஸ் கைக்கு வருகிறது, பேட்டரி மாற்றும் செலவு போகிறது. இருபத்தைந்து பேரானால் திரும்பவும் சொந்தமாக லீஸ்தான் எடுப்போம், அந்த அளவுக்குப் போனால் கேபின் கட்டுப்படியாகாது.

ஒரு கட்டத்தை மட்டும் என்னால் சரியாக நிரப்ப முடியவில்லை. ஒன்பது வருஷமாக எங்கள் ஆபீஸைச் சுத்தம் செய்யும் அக்கா. கோவொர்க்கிங்கில் அந்த வேலையை ஒப்பந்த ஏஜென்சி பார்க்கிறது. அந்த ஏஜென்சியிடம் பேசி அவரை அதே தளத்தில் போடக் கேட்டிருக்கிறோம். பதில் வரும் வரை அவருக்குச் சம்பளம் தொடர்கிறது. இதையும் செலவில் ஒரு வரியாக எழுதச் சொல்லி சாரிடம் கையெழுத்து வாங்கினேன்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு கடைசியாக ஒருமுறை அண்ணாவை அழைத்துக்கொண்டு போய்க் கேபினைப் பார்த்தேன். இரவில் சுத்தம் செய்ய வருபவர்கள் போர்டில் இருப்பதை அழிக்கக் கூடாது என்று மேலாளரிடம் சொன்னோம். ஒப்பந்தத்திலேயே எழுதித் தருகிறேன் என்றார். அண்ணா பையிலிருந்து டேப்பை எடுத்துக் கிழக்குச் சுவரை அளந்தார். ஏழடி இருந்தது.